சிப்பாய்க் கோட்டுக்கு அழுக்கு

— துவைச்சிட்டீங்களா?

— ரெண்டு தடவை. முதல் தண்ணி சாக்கடை மாதிரி வந்துச்சு. மருமக கொண்டு வந்த துணியா இதுன்னு எனக்கே மானம் போச்சு.

— அத்தை, அது அழுக்கு இல்ல. அது என் வேலை! மூணு நாளா உக்காந்து நான் ஏத்துன அழுக்கு!

— அழுக்கை யாராவது ஏத்துவாங்களாடி? அது பாட்டுக்குத் தானா வரும்.

— நாடகத்துக்கு, அத்தை! போர்லேர்ந்து தப்பி ஓடி வர்ற சிப்பாய். காடு மேடெல்லாம் நடந்து வீட்டுக்கு வந்து சேர்றான். அவனோட கோட்டு இது. இப்பப் பாருங்க, இன்டர்வியூவுக்குப் போறவன் கோட்டு மாதிரி இருக்கு.

— நல்லாத்தானே இருக்கு? இஸ்திரி வேற போட்டிருக்கேன்.

— ஐயோ, இஸ்திரி வேறயா!

— காலருக்குக் கஞ்சியும்.

— நாலு மணிக்கு நாடகக் கம்பெனி வண்டி வருது. டைரக்டர் இதைப் பாத்துத் தலையாட்டினாத்தான், மூணு மாசம் ஊர் ஊராப் போய் நாடகம் போடும்போது துணிமணிப் பொறுப்பு எனக்கு. இல்லன்னா வேற ஒருத்திக்கு. இதுக்காக நான் எவ்வளவு அலைஞ்சேன்னு உங்களுக்குத் தெரியாதா?

— மூணு மாசம். ம். என் புள்ளைக்கு யாரு பொங்கிப் போடுறது?

— உங்க புள்ளைக்குக் கை இல்லையா?

— இருக்கு. அதுலதான் எந்நேரமும் போன் இருக்கே.

— எனக்கு அழுகையே வருது அத்தை. நிஜமாவே வருது.

— கருமம், அழுது தொலைக்காதே. இப்பத்தான் தரையைத் துடைச்சேன். மணி ஒண்ணுதானே ஆவுது? துவைக்கத் தெரிஞ்ச கைக்கு அழுக்காக்கத் தெரியாதா? சொல்லு, என்ன வேணும்?

— முதல்ல தூசி. ஒரு கிண்ணம் இருந்தாப் போதும்.

— என் வீட்டுலயா?

— ஃபேன் மேல?

— நேத்துதான் துடைச்சேன்.

— பீரோ மேல?

— காலைல.

— கட்டிலுக்கு அடியில?

— அதைக் கேக்கறதுக்கு என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம்.

— ஒரு சிட்டிகை தூசி இல்லாத வீட்டுல வாக்கப்பட்டுட்டேன். இது வீடா, ஆஸ்பத்திரியா?

— வாயைக் குறை. நீ டீத்தூளைக் கொதிக்க வை. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட தூசி மூட்டை மூட்டையா இருக்கும், வாங்கிட்டு வர்றேன்.

— என்னன்னு கேப்பீங்க? ஒரு கரண்டி தூசி கடனாக் கொடுன்னா?

— அதெல்லாம் கேக்கற விதத்துல கேக்கணும்.

— சரி, சீக்கிரம் வாங்க.

— அடியே, கதவைத் திற! ரெண்டு கையும் நிறைஞ்சிருக்கு.

— இது என்ன அத்தை? அவங்க வாசல் மிதியடி!

— வாங்கின நாள்லேர்ந்து உதறினதே இல்ல அவ. 'கொடு, நான் சுத்தம் பண்ணித் தரேன்'னேன். பாவம், கண்ணு கலங்கிட்டா. டீ ஆச்சா?

— ஆச்சு. கோட்டை இதுல முக்கணும். நனைஞ்சதும் பைக்குள்ள கல்லைப் போடணும், அப்பத்தான் பை தொங்கும்.

— இந்த நேரத்துல கல்லுக்கு எங்க போறது? உருளைக்கிழங்கைப் போடு.

— அட! நல்லாத் தொங்குதே!

— இப்பச் சுருட்டிக் கயித்தால கட்டு. அழுத்திக் கட்டு, அது என்ன பிறந்த குழந்தையா? ஆங். கொஞ்ச நேரம் கிடக்கட்டும், அப்புறம் பிரிச்சு ஹேர் டிரையர்ல காய வைப்போம்.

— காஞ்சதும் முழங்கையைத் தேய்க்கணும். அதை எடுங்க.

— எதை? அடிப்பாவி, அது என் காய் துருவி!

— உப்புத்தாள் தீந்து போச்சு அத்தை.

— என்னமோ போ. முதல்ல கயித்தைப் பிரிச்சு டிரையரைப் பிடி... ஆங், கோட்டு காஞ்சிடுச்சு பாரு, தேய். ஏய், என்ன தடவிக் கொடுத்துக்கிட்டு இருக்கே? தா இங்க. இப்படி!

— கிழிஞ்சிடும், கிழிஞ்சிடும்!

— கிழியட்டும். கல்யாணத்துக்காடி போயிட்டு வர்றான்?

— சரி, இப்பத் தூசி. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி...

— அங்கதான் தப்புப் பண்றே. முதல்லயும் அப்படித்தான் பண்ணி வெச்சிருந்தே. முதுகுலயும் அழுக்கு, அக்குள்லயும் அதே அழுக்கு. அக்குள்ல எப்படிடி தூசி போகும்? அங்க வேர்வைதான் போகும். அழுக்குக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. தூசி தோள்ல உக்காரும், கீழ் ஓரத்துல சேறு. காலர் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. வலது கை முனையில மூக்கைத் துடைச்ச கறை.

— சிப்பாய் கோட்டுக் கையிலயா மூக்கைத் துடைப்பான்?

— உன் மாமனார் பெரிய ஆபீஸ்ல உத்தியோகம் பாத்தவர். போற வரைக்கும் அவரும் அங்கதான் துடைச்சார்.

— காலருக்கு மெழுகுவத்தியும் பழுப்பு ஷூ பாலிஷும் தேய்க்கறேன். எண்ணெய்னா நாறும். தோள்ல வெயில் பட்டு வெளுத்த மாதிரி இருக்கணும், அதுக்கு ப்ளீச்.

— ப்ளீச்ல நீ கை வைக்காதே. அது என் டிபார்ட்மென்ட்.

— அத்தை, கிழங்கை எடுத்துட்டேன், கோட்டை அப்படியே போட்டுக்கிட்டு நடங்க. உக்காந்து எந்திரிங்க. மடிப்பு தானா விழட்டும். தரையில உருண்டாலும் நல்லது.

— என் தரையில உருண்டா கோட்டு சுத்தமாயிடும். தள்ளு, தெருவுல உருள்றேன்.

— ஐயோ, எதிர் வீட்டுக்காரர் பாக்கறார்!

— பாக்கட்டும். அவர் பனியனோட பல்லு விளக்கறதை நான் தினமும் பாக்கலையா? மிதியடியைக் கொண்டாடி, முதுகுல ரெண்டு போடு!

— மெதுவாப் போடறேன்.

— நல்லாப் போடு. இந்தச் சந்தர்ப்பம் உனக்கு இனிமே கிடைக்காது.

— போதும், உள்ள வாங்க. கழட்டி இந்த நாற்காலில போடுங்க, பாக்கலாம். அத்தை... நிஜமாவே எங்கேர்ந்தோ நடந்து வந்து உக்காந்தவன் மாதிரி இருக்கு.

— ஆமாண்டி. சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ, பாவம்.

— ஹாரன் சத்தம் கேக்குது! டைரக்டரே வந்திருக்கார். நான் கொண்டு போய்க் காட்டறேன்.

— போ, போ. நிமிந்து நட.

.

— அத்தை! எங்க இருக்கீங்க? அத்தை!

— இங்கதான் இருக்கேன், வாசலைக் கழுவிக்கிட்டு. என்ன சொன்னான்?

— கோட்டுக் கையில அந்த மூக்குக் கறையைத் தொட்டுப் பாத்தார், காலரைத் திருப்பிப் பாத்தார். அப்புறம் 'திங்கக்கிழமை கிளம்பணும், பெட்டியைக் கட்டு'ன்னுட்டார். எனக்குத்தான் அத்தை! மூணு மாசமும் எனக்குத்தான்!

— ம். நல்லது.

— நீங்க துவைச்சதே நல்லதாப் போச்சு. முதல்ல நான் பண்ணியிருந்ததைப் பாத்திருந்தா மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பார். தெரியாம செஞ்சாலும் பெரிய உபகாரம் செஞ்சீங்க.

— யாரு தெரியாம செஞ்சது?

— என்ன சொல்றீங்க?

— முப்பது வருஷமாத் துணி துவைக்கறேன். டீக்கறை எது, தெருக்கறை எதுன்னு எனக்குத் தெரியாதா? வேஷத்துக்குன்னு தெரிஞ்சேதான் தண்ணியில முக்கினேன். நீ கண்ணைக் கசக்கினதும் மனசு கேக்கல.

— ஏன் அத்தை? உங்க புள்ளைக்குப் பொங்கிப் போட ஆள் வேணும்னா?

— அவன் கிடக்கான், கடையில தின்னுக்குவான். நீ போயிட்டா இந்த வீட்டுல நான் யாரோடடி சண்டை போடுவேன்?