இரண்டு அலுமினியத் தட்டுகள்

“டீ வேண்டாங்க மேடம். எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க.”

“சர்க்கரை போடாமத்தான் சொல்லியிருக்கேன். உக்காருங்க பெரியவரே. நின்னுட்டே பேசுனா அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது.”

உட்கார்ந்துவிட்டேன். இந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. நான் காலமெல்லாம் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டியவன். பலகை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உடம்புக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை வரும்போது ஒரு ஆப்பு செதுக்கி எடுத்து வருகிறேன்.

என் பெயர் வீரபாகு. என் மகன் நந்தகுமார் ஏற்காடு மலைப்பாதையில் விழுந்த வழக்கை நீங்கள்தான் பார்க்கிறீர்கள். அவனுடைய சிவப்புக் கார் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில், வேப்பமரத்தடியில் நிற்கிறது. போன வாரம் அதைக் கேட்டு வந்தேன். வழக்கு முடியாமல் வண்டியைத் தர முடியாது என்றீர்கள். நியாயம்தான். அதனால் முடித்துக் கொடுக்க வந்திருக்கிறேன். வண்டியைச் சரிசெய்த மெக்கானிக் தீனதயாளன்மேல் ஒரு தப்பும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. நந்து பிறப்பதற்கு முன்பே ஏதோ வெளிநாட்டில் செய்தது. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். முன்விளக்கு இரண்டும் மூடிக் கிடக்கும். சுவிட்சைத் தட்டினால் தூங்கி எழுகிற பிள்ளை மாதிரி மெல்ல மேலே வரும். பெங்களூரில் ஒரு குடோனில் துருப்பிடித்துக் கிடந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் அம்மா சௌந்திரம் இறந்த வருஷம் அது. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தான்.

“இது ஓடட்டும்ப்பா. ஓடுன மறுநாளே இதுல புனேவுக்குக் கெளம்பறேன். அங்க வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன்” என்றான்.

“ஓடலீன்னா?”

“ஓடாம எங்க போயிரும்?” என்று சிரித்தான்.

அவன் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். வண்டி ஓடாதவரை அவன் வீட்டில் இருப்பான். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீடு மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மலைக்குப் போகிற வண்டிகளெல்லாம் வாசலைத் தாண்டித்தான் போகும். ஒன்றும் நிற்காது. அந்த வீட்டில் தனியாக இருந்து பார்த்தால்தான் உங்களுக்குப் புரியும். வண்டி வந்த பிறகு அவன் தோசை வார்த்தான், நான் சட்னி அரைத்தேன். பொரிந்துபோன பெயின்டை உப்புத்தாள் போட்டு இரண்டு பேரும் தேய்த்தோம். அவன் கைக்குக் களிம்பு தடவிவிட்டேன்.

பள்ளிபாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் முதலில் அதை ஓட வைத்தார். தெருமுனை வரை போய்த் திரும்பியது. மறுநாள் மதியம், நந்து சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், இன்ஜினில் பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்பக்கம் பட்டறைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். பென்சில் கரியில் கரண்ட் ஓடும். சிலிண்டருக்குப் போக வேண்டிய பொறி அந்தக் கோட்டிலேயே ஓடித் தீர்ந்துவிடும். அழுக்கோடு அழுக்காகக் கண்ணுக்குத் தெரியாது. அவர் பெட்ரோல் பம்பை மாற்றினார், காயிலை மாற்றினார், பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அடுத்து வந்தவர் ஒயரையெல்லாம் புதிதாகப் போட்டார். அவருக்கு நான் பெட்ரோலில் கலந்த கொஞ்சம் தண்ணீரே போதுமாக இருந்தது. வண்டிக்குக் கண்ணு பட்டிருக்கிறது என்று சொல்லி, ஒரு பூசணிக்காயும் உடைத்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு முறையும் நந்து வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவான். நானும் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுப்பேன். சௌந்திரம் போன பிறகு எங்கள் வீட்டில் நல்ல காலம் என்றால் அதுதான்.

மூன்றாவதாக வந்த தீனதயாளன் பொறுமைசாலி. ஒன்றையும் மாற்றாமல் முதலில் எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்தார். அன்றைக்கே அந்த மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்கண்ணா, இந்தக் கோடு ஆரு போட்டது?”

“எலி கிலி ஓடியிருக்குமுங்க.”

“உங்க ஊட்டு எலி பென்சில் எல்லாம் புடிக்குதுங்களா?”

நான் வெங்காயத்தை அரிந்துகொண்டிருந்தேன். மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே போய்விட்டார். நந்துவிடம் எதுவும் சொல்லவில்லை. இன்ஜின் மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை அவனிடம் கொடுத்தார், அவ்வளவுதான். பெற்ற தகப்பனைப் பிள்ளை முன்னால் தலைகுனிய வைக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். அவர்மேல் எனக்கு உள்ள ஒரே குறை அதுதான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நந்து நாலு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பான், அதோடு போயிருக்கும்.

அந்த வாரமே வண்டி ஓடியது. மூன்று நாள் மக்கர் பண்ணாமல் ஓடியது. நந்து துணிமணியைப் பெட்டியில் எடுத்து வைத்தான். இன்ஜின் பூட்டியிருந்தது. என் கைக்கு எட்டுகிற மாதிரி மிச்சம் இருந்தது சக்கரத்துக்குப் பின்னால் போகிற பிரேக் பைப்புகள்தான்.

“லாரிக்காரர் நீங்க” என்கிறீர்கள். “காத்து பிரேக்குதான் பழக்கம். லாரியில லைன் லீக்கானா சக்கரம் புடிச்சுக்கும், வண்டி நகராது. காரும் அந்த மாதிரி வாசல்லயே நின்னுரும்னு நெனச்சுட்டீங்க. அப்படித்தானே?”

நீங்கள் நல்ல மனுஷி. எங்கள் தொழிலில் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய தப்புதான் அது. லாரியில் காற்று இறங்கினால் ஸ்பிரிங் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். காரில் இருப்பது ஆயில். அது இறங்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் நீங்கள் சொன்னதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அழுகைகூட வந்தது. ஆனால் தட்டுகள் இருக்கின்றன மேடம்.

முந்தின ராத்திரி முன் பைப்பில் ஒரு நட்டு, பின் பைப்பில் ஒரு நட்டு, அரைச் சுற்று தளர்த்தினேன். ஒன்று மட்டும் என்றால் மற்றது பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். வாசல் சிமென்டில் கறை படக் கூடாது என்று இரண்டுக்கும் கீழே சௌந்திரத்தின் அலுமினியத் தட்டுகளை வைத்தேன். காற்று சொட்டாது. காற்றுக்கு யாரும் தட்டு வைப்பதில்லை. காலையில் தட்டில் விழுந்திருந்ததை முன்மூடியைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவிலேயே திரும்ப ஊற்றினேன். இல்லையென்றால் பெடல் கேட்டருகிலேயே தொளதொளவென்று போயிருக்கும். தட்டுகளைச் சீயக்காய் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு வண்டிக்குப் பூஜை. சந்தனம் குங்குமம் அவன் வைத்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க நான் குனிந்தேன். அவன் பிறந்ததிலிருந்து எந்த வண்டி எடுத்தாலும் நான்தான் வைப்பேன். சக்கரம் ஏறி நாலும் நசுங்கின. கேட்டருகே பிரேக் பிடித்தான், நின்றது. கண்ணாடியை இறக்கி, “மலைக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வாரேம்ப்பா. மத்தியானம் சோத்துக்கு வந்துருவேன்” என்றான்.

“பாத்துப் போ சாமி” என்றேன்.

ஏறும்போது பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை. இறங்கும்போதுதான். நான் சோறு வடித்து, ரசம் வைத்து, அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கை வறுத்து வைத்தேன். இரண்டு பேருக்கும்தான் வைத்தேன். அதையும் எழுதுங்கள். வரமாட்டான் என்று நினைத்திருந்தால் எதற்கு வைக்கப்போகிறேன்?

இப்போது கழுத்துக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை. கண் மட்டும் அசையும். நான்தான் ஊட்டுகிறேன், முகம் மழிக்கிறேன், முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறேன். பக்கத்து வீட்டு ஜோதி, “இப்படி ஒரு அப்பன் ஆருக்குக் கெடைக்கும்?” என்று சொல்லும். இப்போதுகூட அதுதான் அவனோடு உட்கார்ந்திருக்கிறது. புனே பேச்சை அவன் எடுப்பதில்லை.

வண்டி ஓடியபோது தீனதயாளன் போனில் பிடித்த வீடியோ என்னிடம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் அந்தச் சத்தத்தை அவன் காதருகே வைப்பேன். கண்ணிலிருந்து தண்ணீர் வரும். பார்க்க வருகிற நர்ஸ் அதைப் போடாதீர்கள் என்கிறது. நேற்று முழுக்க என் பக்கம் கண்ணைத் திருப்பாமல் சுவரையே பார்த்துக் கிடந்தான். போன் சத்தம் அவனுக்குப் போதவில்லை, அதனால்தான். நிஜச் சத்தம் கேட்க வேண்டும்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ரொம்ப நாள் உள்ளே வைக்க மாட்டீர்கள் என்று தெரியும். அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? முன்பக்கம்தான் நசுங்கியிருக்கிறது. இன்ஜின் பின்னால் பத்திரமாக இருக்கிறது. காலையில் உங்கள் வேப்பமரத்தடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். தீனதயாளனையும் வரச்சொல்லுங்கள், அவர் கை பட்டால் அரைமணி நேரத்தில் இன்ஜினைக் கிளப்பிவிடுவார். இழுத்துப் போய் நந்துவின் ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, ஒரே ஒரு தரம் ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன். இத்தனை நாளும் என் பிள்ளை ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தானே. அந்தச் சாவியைக் கொஞ்சம் கொடுக்கிறீர்களா மேடம்?