ஆஸிமினாவை விட்டுவிட்டார்கள்

— கழுதை மேல ஏறுங்கன்னா ஏற மாட்டேங்கறீங்க, அண்ணி. காலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு.

— நடக்கறேன், ஸ்டெர்யோ. ரெண்டு வருஷமா அந்தத் தீவுல முள்கம்பிக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்தாச்சு. நேரா ஒரு பாதையில கொஞ்சம் நடக்கறேன்.

— அந்த மூட்டையையாவது குடுங்க. என்ன இது, கல்லா கட்டிக் கொண்டாந்திருக்கீங்க?

— போர்வை. கப்பல்ல நனைஞ்சுடுச்சு.

— ரொட்டி இருக்கு. ஆலிவ், வெங்காயம். என் வீட்டுக்காரி ஆட்டுப் பாலாடைக்கட்டி ஒரு துண்டு வெச்சிருக்கா. அண்ணிக்குன்னு சொல்லி வெச்சா, நான் தொடவே இல்ல.

— அப்புறம் சாப்பிடறேன்.

— நான் அப்பவே சொன்னேன்ல, வோலோஸ் பட்டணத்து வக்கீல் கெட்டிக்காரன்னு? மனு மேல மனு போட்டான் மனுஷன். கடைசியில நியாயம் ஜெயிச்சுதா இல்லையா?

— எம்மேல வழக்கே கிடையாதேப்பா. வக்கீல் எதை எடுத்து வாதாடுவான்? அன்னிக்கு என்னைப் பிடிக்க வந்த சிப்பாய்கிட்ட நானும் கேட்டேன், நான் என்ன தப்பு பண்ணேன்னு. 'இன்னும் பண்ணல, இனிமே பண்ணுவ'ன்னான். மாவு பிசைஞ்ச கை. கழுவக்கூட விடல.

— அந்த மாவை நாங்கதான் சுட்டுத் தின்னோம், அண்ணி. வீணாப் போகுமேன்னு.

— நல்லது பண்ணீங்க. உப்பு இருந்ததா?

— இல்ல.

— போடலன்னுதான் நெனச்சேன். லாரியில போகும்போது பூரா அதே நெனப்பு.

— ஜெர்மன்காரன் ஊரை எரிச்சப்போகூட பொம்பளைங்களை இப்படி அள்ளிக்கிட்டுப் போகலையே.

— அந்தச் சிப்பாய் நம்ம கிரேக்கன்தான். வழியெல்லாம் என்னை அம்மா அம்மான்னே கூப்பிட்டான். அம்மா தலையைக் குனிங்க, அம்மா சீக்கிரம் ஏறுங்கன்னு.

— நீதிபதின்னு ஒருத்தர்கூட உங்களை விசாரிக்கலையா?

— ஒரு அறை, மேசைக்குப் பின்னால மூணு பேர். 'உன் மகன் ஃபானிஸ் மலையிலதானே இருக்கான், கலகக்காரங்களோட?' எனக்குத் தெரியாதுன்னேன். 'தெரியாதுன்னா மலையிலதான்.' அவ்வளவுதான், முடிஞ்சுது. ஒரு வருஷம்னாங்க. அது போனதும் இன்னொரு வருஷம். பிள்ளை மலை மேல இருக்கிற வரைக்கும் அம்மா உள்ள இருக்கணுமாம்.

— கையெழுத்து போட்டுட்டு வந்திருக்கலாம் அண்ணி. மில்காரன் பொண்டாட்டி போட்டா, அந்த வாரமே வந்துட்டா.

— ஃபானிஸ் என் மகனே இல்லன்னு எழுதித் தரணும். அதை ஞாயித்துக்கிழமை கோயில்ல ஊர் முன்னால படிப்பாங்க. எனக்கு எழுதத் தெரியாதுன்னு சொன்னேன். ஒருத்தன் என் கட்டைவிரலைப் பிடிச்சு மையில அமுக்க வந்தான். கடிச்சுட்டேன்.

— கடிச்சீங்களா! எங்க அண்ணன் மட்டும் உயிரோட இருந்திருந்தா...

— 'பல்லைப் பத்திரமா பாத்துக்கடி'ன்னு சொல்லியிருப்பாரு.

— சிரிங்க அண்ணி. கொஞ்சமாவது சிரிங்க. வீட்டுக்குப் போறோம்.

— சிரிக்கத்தான் பார்க்கறேன். எதுவுமே வர மாட்டேங்குது.

— களைப்பு. தூங்கி எழுந்தா சரியாயிடும்.

— முந்தாநாள் அதிகாரி வந்து என் பேரைக் கூப்பிட்டாரு. 'நீ போகலாம்'னாரு. எல்லாரும் கூடாரத்துல இருந்து வெளிய வந்து நின்னாங்க. ஒருத்தி என் தலைத்துணியைச் சரி பண்ணி விட்டா. இன்னொருத்தி கால்ல கிடந்த கம்பளிக் காலுறையைக் கழட்டி என் மூட்டையில திணிச்சா. ஒருத்திகூட நல்லபடியா போயிட்டு வான்னு சொல்லல.

— பொறாமையா இருக்கும்.

— இல்லப்பா. கையெழுத்து போடாம ஒருத்தி வெளிய போறான்னா என்ன அர்த்தம்னு அங்க எல்லாருக்கும் தெரியும்.

— என்ன அர்த்தம்?

— மலையில அவளுக்கு இனிமே யாரும் இல்லன்னு அர்த்தம். எப்போ நடந்தது, ஸ்டெர்யோ?

— அண்ணி...

— பஸ்ல இருந்து இறங்கினதுல இருந்து வாய் ஓயாமப் பேசற. நீ இப்படிப் பேசற ஆளே இல்ல. எப்போ?

— போன மாசம். பனி கொட்டின வாரம். மலையில சண்டை. ஒருத்தனைக் கொண்டாந்து பள்ளிக்கூடத்து வாசல்ல கிடத்தினாங்க.

— மூடியிருந்தாங்களா?

— இல்ல.

— கால்ல ஏதாவது போட்டிருந்தானா?

— இந்தப் பாறையில உட்காருங்க அண்ணி.

— நிக்கறேன். நீ சொல்லு.

— முகம் பாதி இல்ல. யாரோட பிள்ளைன்னு சொல்லுங்கன்னு ஊரையே கூட்டி நிக்க வெச்சாரு கேப்டன். நான் முன்னால போனேன். எங்க அண்ணன் மகன் ஃபானிஸ்தான்னு சிலுவை மேல கை வெச்சு சொன்னேன்.

— நீதான் புதைச்சியா?

— நான்தான். கல்லறைத் தோட்டத்துக்குள்ள விடல. மதிலுக்கு வெளிய ஒரு மரத்தடியில.

— கண்ணை மூடி விட்டியா?

— இருந்த ஒரு கண்ணை மூடினேன். அண்ணி, இப்ப நான் ஒண்ணு சொல்றேன். சத்தம் போடக் கூடாது. மேட்டுல சோதனைச்சாவடி இருக்கு.

— என்கிட்ட எங்க இருக்கு சத்தம்? சொல்லு.

— அது ஃபானிஸ் இல்ல.

— என்ன சொல்ற?

— நம்ம ஃபானிஸுக்கு இடது கையில சுண்டுவிரல் கிடையாதே. இந்தப் பையனுக்குப் பத்து விரலும் இருந்துச்சு. ஊர்ல அத்தனை பேரும் பார்த்தாங்க, ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. கேப்டன் புது ஆளு. ஃபானிஸ் செத்துட்டான்னு ஆயிட்டா உங்களை விட்டுடுவாங்கன்னு தோணுச்சு. விட்டுட்டாங்க.

— அப்போ என் பிள்ளை?

— எல்லை தாண்டிட்டான்னு பேசிக்கறாங்க. சத்தியமா தெரியாது அண்ணி. ஆனா செத்தது அவன் இல்ல.

— அந்தப் பையன் யாரு?

— தெரியல. நம்ம பக்கத்து ஆளு இல்ல. மீசைகூட ஒழுங்கா முளைக்கல.

— அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா.

— இருப்பா.

— அவளையும் பிடிச்சுப் போட்டிருப்பாங்க, ஸ்டெர்யோ. பிள்ளை இன்னும் மலையிலதான் இருக்கான்னு சொல்லிச் சொல்லியே, அவளை எப்பவும் விட மாட்டாங்க.