ஏழு பொட்டலமும் செவ்வாய்க்கிழமை

கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. ஜன்னல் தொறந்திருக்கு. வெளில உக்காந்து சாக்ஸைப் பிழியறான் பாருங்க, தாடிக்காரன், அவன் காதுல மட்டும் இது விழக்கூடாது. ஆமா, வெர்லின். வாளி மேல இருக்கறது அவன் பேருதான். அவன் உள்ள வர்றதுக்குள்ள நீங்களும் நானும் இதை முடிச்சாகணும்.

சேச்சே, திருட்டு வாளி இல்ல, எங்களோடதுதான். சாப்பாட்டை வாளில அடைச்சு, மூணு வாரம் முன்னாடியே தபால்ல இங்க உங்க ரேஞ்சர் ஆபீசுக்கு அனுப்பிட்டோம், எல்லாரும் அனுப்பற மாதிரி. தொண்ணூத்திமூணு மைல் எரிமலையச் சுத்தி வர, பத்து நாள் சோத்தையும் முதுகுல சுமக்க நாங்க என்ன கழுதைங்களா? எனக்கு அறுபத்தேழு. அவனுக்கு அறுபத்தெட்டு. அதோ அந்தப் பாறை மேல பொணமாட்டம் கெடக்கானே ட்வெயின், அவனுக்கு எழுபது ஆகப்போவுது.

பர்மிட்டு இந்தாங்க. வாளிச் சீட்டுல இருக்கற நம்பரோட ஒத்துவரலியா? சரி, சீட்டுல தேதி? தொண்ணூத்திமூணாம் வருஷமா? ஹா! அதான் என்னமோ பழைய வாளின்னு மூலைல தள்ளிட்டீங்க. உங்க மேல தப்பே இல்ல. நான் நாப்பது வருஷம் லைப்ரரில இருந்தவன். சீட்டு தப்பா ஒட்டின புத்தகமும் தொலைஞ்ச புத்தகமும் எங்களுக்கு ஒண்ணுதான்.

அந்த வருஷந்தான் நாங்க மூணு பேரும் மொத மொத இந்த மலையச் சுத்தினோம். அந்தப் பழைய பர்மிட்டப் பாத்து அப்படியே எழுதியிருக்கான். யாரு எழுதினதுங்கறீங்க? வெர்லின்தான், நிலம் அளக்கறவன்மா! வேலி அரை அங்குலம் தள்ளியிருக்குன்னு ரெண்டு குடும்பத்த கோர்ட்டுக்கு அனுப்பி வச்ச புண்ணியவான்.

நாங்க கெளம்பின அன்னிக்குக் கூத்தை நீங்க பாத்திருக்கணும். எல்லார் பையையும் பிரிச்சுக் கொட்டி, ஒவ்வொண்ணா எடை போட்டான். என் பல் பிரஷ்ஷுக்குப் பாதிக் காம்பு போதும்னு அறுத்தான். நான் படிச்சிட்டிருந்த புத்தகத்த ரெண்டாக் கிழிச்சு, படிச்ச பாதியைக் கார்ல போட்டான். என்கிட்ட! லைப்ரரிக்காரன்கிட்ட! அப்புறம் அவன் பையை ட்வெயின் கொட்டினா, உள்ளேர்ந்து விழுது இரும்பு வாணலி. அஞ்சு பவுண்டு. ஏன்டான்னா, இது இல்லாம பான்கேக் எப்படிடாங்கறான்.

தொறந்து பாக்கணுமா? விதின்னா தொறங்க. எலி தொடல, நல்லது. அது ஓட்ஸ். அதுவும் ஓட்ஸ். மேல என்ன எழுதியிருக்கு? செவ்வாய் காலை. சரி. அடுத்தது? செவ்வாய் காலை. அதுக்கடுத்தது?

ஏழுமேவா?

ராத்திரி சாப்பாடு ஒண்ணுகூட இல்லியா? அடியிலயும்? ம்.

இல்லல்ல, நல்லாத்தான் இருக்கேன். செவ்வாய்க்கிழமை மேல இவ்ளோ ஆசை வச்சிருக்கறவன இப்பத்தான் பாக்கறேன், அதான். நடந்துபோறவங்க மிஞ்சினத விட்டுட்டுப் போற பெட்டி ஒண்ணு வச்சிருப்பீங்களே? அதுலேர்ந்து ராத்திரிக்கு எதாவது எடுத்து இதுக்குள்ள போடலாமா? நூடுல்ஸ் போதும். அந்த மசிச்ச உருளக்கெழங்கு மாவும் ஆகும். ஆறு ராத்திரி, மூணு வயிறு. ட்வெயினுக்கு மட்டும் ரெண்டு வயிறு.

அவனையே கூப்பிட்டுக் கேட்டா என்னவா? கேக்கலாம். உங்க ஆபீஸ்காரங்கதான் மாத்தி வச்சிட்டாங்கன்னு மேசையத் தட்டி சண்டைக்கு வந்தான்னா நல்லது, நானே கை தட்டுவேன். சண்டைக்கு வராம, அந்தச் சீட்டையே பாத்துக்கிட்டு நின்னான்னு வைங்க? அதத்தான் என்னால பாக்க முடியாது.

நல்லாத்தான் நடக்கறான், அதுல கொறையே இல்ல. காலைல அஞ்சு மணிக்கு வாணலியத் தட்டி எழுப்பறான். முந்தாநாள் தொங்குபாலத்து நடுவுல நின்னு ட்வெயின் போட்டோ புடிக்கறான். டேய் தடியா, ஒரு நேரத்துல ஒருத்தன்தான்னு போர்டு போட்டிருக்கு, படிக்கத் தெரியாதாடான்னு இவன் போட்ட சத்தத்துல பள்ளத்தாக்கே அதிருது. இப்பப் பாருங்க, வெளில யாரோ ஒரு பொண்ணோட பையத் தூக்கிப் பாத்து அவளுக்கும் பாடம் நடத்தறான். சின்னப் பொண்ணு, சாக்ஸ் காயற வரைக்கும் அவளுக்கு விடுதலை இல்ல.

அவன யாரு தலைவரா இருக்கச் சொன்னதுங்கறீங்களா? நாங்கதான்.

பிப்ரவரில டாக்டர் சொல்லிட்டாரும்மா. போகப் போக ஞாபகம் சுத்தமாப் போயிடுமாம். அவன் சம்சாரம் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, இந்தக் கோடைல எங்கயாவது கூட்டிட்டுப் போயிட்டு வாங்கன்னா. வாளி ரொப்பற வேலைய அவன்தான் செய்வேன்னு நின்னான், கிட்ட யாரையும் விடல. எங்க போறதுன்னு ட்வெயினும் நானும் ரெண்டு நாள் வரைபடத்த வச்சுக்கிட்டு உக்காந்தோம். அப்பறந்தான் இந்த மலை. உச்சிக்குப் போற வழியா இருந்தா குழம்பிடும். இது சும்மா சுத்தி வர்றது. மலை வலது கைப் பக்கம் இருக்கற வரைக்கும் வழி தப்பாது பாருங்க. பாதை பிரியற எடத்துல ட்வெயின் வேணும்னே தப்புப் பக்கம் நாலு அடி வைப்பான். வெர்லின் நின்னு மலைய ஒரு தடவ பாப்பான். டேய் மடையா, இந்தப் பக்கம்டாம்பான். நாலு நாள்ல ஒரு தடவகூட தப்பு பண்ணல.

கிண்டலா? அத எப்படி நிறுத்தறது? முப்பத்தஞ்சு வருஷமா அவனோட நாங்க மரியாதையாப் பேசினதே கெடையாது. இன்னிக்கு நல்லபடியா நாலு வார்த்தை பேசினா, அடுத்த நிமிஷமே கண்டுபிடிச்சிடுவான்.

வாளி மேல இருக்கற அந்தச் சீட்ட உரிச்சுடுங்க. பேனா குடுங்க, நான் எழுதறேன். தேதி இன்னிக்குத்தானே? இந்தப் பொட்டலங்களயும் திருத்திடறேன். புதன். வியாழன். வெள்ளி, நீங்களும் ரெண்டு எழுதுங்கம்மா, சீக்கிரம், அச்சடிச்ச மாதிரி கட்டை எழுத்தா. அவன் எழுத்து அப்படித்தான் இருக்கும்.

எந்திரிச்சிட்டான். வர்றான்.

ஐயோ, பாவம் பாக்கற மாதிரி மூஞ்சிய வச்சுக்காதீங்கம்மா, அது வேணாம். அவன் பூட்ஸப் பாருங்க, எவ்ளோ சேறு. தரை உங்களதுதானே? கத்துங்க.