கிளிக்குப் பதில்

– ...அப்போ அது கிளியா?

– கிளிதான் அக்கா. தெரியலையா?

– பச்சையா இருக்கு, மூக்கு செவப்பா இருக்கு... கிளியாத்தான் இருக்கணும். கூண்டு வேற. மாடிப்படியில எதுக்கும்மா மிருகக்காட்சிசாலை?

– மாடிவீட்டுல இருந்துக்கிட்டு நீங்களே கிண்டல் பண்ணா எப்படி? பெண்கள் உதவி மையத்துல கேட்டாங்க. வீட்டுக்குள்ள அடி வாங்கிட்டு வெளிய சொல்லாம இருக்கறவங்களுக்காக ஒரு படம். எழுத்து வேண்டாம்னுட்டாங்க.

– ஏனாம்?

– எழுதினா ஆம்பளைங்க மறுநாளே வெள்ளையடிச்சுடுவாங்களாம். அடியில மையத்தோட போன் நம்பர் மட்டும் வரும். ஆம்பளைங்க பெயிண்டர் நம்பர்னு நினைச்சுப்பாங்க, புரியவேண்டியவங்களுக்குப் படமே சொல்லிடும்.

– கெட்டிக்காரிதான் நீ. ஆனா படம்... சொல்லட்டா? கோச்சுக்கக் கூடாது.

– சொல்லுங்க.

– கூண்டுல பூட்டு தொங்குது பாரு. அதுதான் தப்பு.

– பூட்டு தப்பா?

– யாரும் பூட்டறதில்லைம்மா. கதவு தொறந்துதான் கிடக்கும்.

– அப்போ போயிடலாமே.

– எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா. தோழின்னு வெச்சுக்கோ. அவ வீட்டுக்காரர் வேலைக்குப் போறப்ப கதவைப் பூட்டவே மாட்டார். அவ செருப்பை எடுத்து வண்டியில போட்டுக்கிட்டுப் போயிடுவார். அவ்ளோதான்.

– செருப்பையா?

– இருக்கறதே ஒரு ஜோடி. வெறுங்காலோட எங்க போவா? மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போடுவா. படியில நின்னு யாராவது கிளி வரையறதைப் பாப்பா... சும்மா சொல்றேன்.

– வெறுங்காலோடயே தெருவுல இறங்கிட்டா?

– நீ இறங்கிப் பாரு. பஸ்ஸுல ஏறினா அத்தனை பேரும் காலைத்தான் பாப்பாங்க. என்னம்மா ஆச்சுன்னு ஒருத்தி கேப்பா. அவளுக்குப் பதில் சொல்லணும்ல? பூட்டுன்னா உடைச்சுடலாம். வெக்கத்தை என்ன பண்ணுவ?

– அந்த வெள்ளை பெயிண்ட் டப்பாவை இப்படி நகத்துங்க.

– எதுக்கு?

– கிளிக்கு விடுதலை.

– ஐயோ, அழிக்காதம்மா. மூக்கு நல்லா வந்திருக்கு.

– இப்பதான் கிளியான்னு கேட்டீங்க.

– அது சும்மா வாய்க்கொழுப்பு... சரி, அழி. கூண்டையும் சேத்து அழி.

– அழிச்சாச்சு. இப்ப இது கதவு. தொறந்த கதவு. வெளிய வெயில். வாசப்படியில ஒரு ஜோடி செருப்பு... சரியா?

– ம்... இல்ல, இரு. திருப்பிப் போட்டிருக்க.

– எதை?

– செருப்பை. நுனி வீட்டைப் பாத்து இருக்கு. அது உள்ள வந்தவ கழட்டி விட்டது. தெருவைப் பாக்கணும். காலை நுழைச்சதும் நேரா நடையைக் கட்டற மாதிரி.

– ஆமால்ல... இப்ப?

– இப்ப சரி. எனக்கே மாட்டிக்கிட்டுக் கிளம்பிடலாம் போல இருக்கு.

– என்ன கலர் அடிக்கட்டும்?

– நீலம். உன் வீட்டு வாசல்ல கிடக்குதே, அந்த மாதிரி. கேக்கணும்னே இருந்தேன். புத்தம் புதுசு, அடியில ஒரு தூசி இல்லை. போடவே மாட்டேங்கற.

– எனக்குச் சின்னது அக்கா.

– போட்டுப் பாக்காமலா வாங்கின? கெட்டிக்காரின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

– வாங்கிக்கங்க. அந்தத் தோழிக்குப் போக இடம் இருக்கா?

– தங்கச்சி இருக்கா. ரெண்டு பஸ் மாறணும். வா வான்னுதான் சொல்றா.

– வீட்டுக்காரர் எப்ப வருவார்?

– இருட்டினப்புறம்தான்... நீ ஏன் கேக்கற?

– என் வீடு உங்க வீட்டுக்கு நேர் கீழ அக்கா. எல்லாம் கேக்கும். எந்தச் சுவர்ல வரையலாம்னு மையத்துல கேட்டப்ப, இந்தச் சுவரைச் சொன்னதே நான்தான். உக்காருங்க. இங்க, படியில. பெயிண்ட் படாம.

– தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்ளோ நேரமா தோழி தோழின்னியா?

– நீங்கதானே ஆரம்பிச்சீங்க.

– சிரிக்க வெக்காதடி, அழுகையா வருது... பை ரொம்ப நாளா கட்டிலுக்கடியில தயாரா இருக்கு. செருப்பு ஒண்ணுதான்... உன்னோட அந்த நீலத்தை எனக்கு இரவலாக் குடுக்கறியா? என் கால் சின்னதுதான். தங்கச்சி வீட்டுக்குப் போனதும் திருப்பி அனுப்பிடறேன்.

– போய்ப் பையை எடுத்துட்டு வாங்க அக்கா, பஸ் ஏத்தி விடறேன். அது என்னோடது இல்லை. அன்னிக்கு மழையில மொட்டைமாடியிலேருந்து ஈரக்காலோட இறங்கினீங்களே, படியில பதிஞ்ச உங்க தடத்தை அளந்துதான் வாங்கினேன். குடுக்க வாய் வரல, வாசல்லயே விட்டுட்டேன். நுனியைத் தெருப் பக்கம் திருப்பி வைக்கத்தான் தெரியாம போச்சு.