பதினாலு ஊசி

— அதான் சொன்னேனே, சூப்பிரண்டு வீட்ல இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. நாய்க்கடிக்கு எட்டாவது ஊசி இன்னைக்கு.

— தெரியும்மா. அவரு இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன். ஒங்களத்தான் பாக்கணும்.

— என்னையா? யாரு நீ?

— ஆபீஸ் டைப்பிஸ்ட்டும்மா. அமிர்தவல்லி. வைத்திக்குப்பம்.

— ஓ... நீதானா.

— என்னம்மா?

— ஒண்ணுமில்ல. உக்காரு. காபி குடிக்கிறியா?

— வேணாம்மா. என்ன யானாமுக்கு மாத்திட்டாங்க. திங்கக்கிழமை அங்க கையெழுத்துப் போடணுமாம்.

— கவர்மெண்டு வேலைன்னா மாத்தத்தான் செய்வாங்க. காரைக்கால், மாஹே, யானாம்னு...

— ஆந்திராவுல எங்கியோ கெடக்குது யானாம், ஆம்பளைங்களே அழுவாங்கம்மா. தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது எனக்கு. எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குது. போவ மாட்டா, ராஜினாமா எழுதிக் குடுத்துடுவான்னுதான போட வெச்சாரு ஒங்க வீட்டுக்காரரு?

— அவருக்கு ஒன்மேல என்னா வந்துது?

— மொதல்ல லேட்டுன்னு மெமோ. அப்பறம் டைப்புல தப்புன்னு மெமோ. இப்ப இது. எல்லாம் இந்த எட்டு நாள்ல.

— எட்டு நாளா...

— சொல்லட்டுமாம்மா?

— சொல்லேன்.

— ரெக்கார்டு ரூம்ல பைல் எடுன்னாரு. பின்னாலயே வந்து கதவச் சாத்துனாரு. வாயப் பொத்துனாரு...

— போதும்.

— பொத்துன கையக் கடிச்சேன்.

— போதும்னு சொன்னேன்ல!

— நாய் கடிச்சிடுச்சின்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டுத் திரியிறாரு. நாந்தாம்மா அந்த நாயி. ... நம்பலையா?

— நம்ப என்னா இருக்குது? கட்டுப் போட்டவ நானு. மனுசப் பல்லு தடம் எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுமா ஊசி?

— தெரிஞ்சிதான். "நாயா? அப்ப தொப்புளச் சுத்திப் பதினாலும் போட்டே ஆவணும்"னேன். மாட்டேன்னு எப்பிடிச் சொல்லுவாரு? தெனம் ரிக்சாவுல கூடவே போயி, வெளிய நின்னு, அவரு அலறதக் கேட்டுட்டு வரேன்.

— சிரிப்பு வருதும்மா.

— சிரி. நானும் சிரிச்சேன், அடுப்பங்கரையில.

— அப்ப சாட்சி சொல்லுங்கம்மா. பெரிய ஆபீசருக்கு மனு எழுதி வெச்சிருக்கேன். நாய்க்கடி இல்ல, நான் பாத்தேன்னு ஒரு வார்த்தை...

— என்னா பேசற நீ? சாயங்காலம் என் மூத்தவளப் பொண்ணு பாக்க வராங்க. இல்லன்னா இன்னைக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னிருப்பேன்.

— ஒங்க கோவம் அவரு தொப்புளோட நின்னுடுது. எனக்குல்ல வேலை போவுது!

— வாய அடக்கு. மீன்காரி புத்தியக் காட்டாத.

— மீன்காரி மவதான். கூடை தூக்கித்தான் எங்கம்மா என்னப் படிக்க வெச்சிது. ... சரி, சாட்சி வேணாம். ஆர்டர ரத்து பண்ணச் சொல்லுங்க. நீங்க சொன்னதுக்காக வயித்தக் காட்டிட்டு நிக்கிறவரு, இதக் கேக்க மாட்டாரா?

— கேப்பாரு.

— அப்பறம் என்னா?

— யானாம்னு சொன்னதே நாந்தான்டி.

— நீங்களா? எதுக்கு?

— காரைக்கால்னாரு அவரு. அது பக்கம், வாரா வாரம் வந்து நிப்பா, என்னைக்காவது வாயத் தொறப்பான்னேன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது. பேசாம போயிடு.

— எழுந்துக்கறேம்மா. ஒங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்.

— என்னா பொய்யி?

— மனுவ எழுதி வெச்சிருக்கேன்னது. காலையிலயே குடுத்தாச்சி. கடிய வீட்ல நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சி எழுதுனேன். ஒங்களக் கேக்காம செஞ்சிட்டமேன்னு மனசு அடிச்சிக்கிச்சி, சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன். இப்ப அடிச்சிக்கல. ஒங்க பேரு செல்வாம்பாள்தான? சாட்சிங்கற எடத்துல அதத்தான் டைப் அடிச்சிருக்கேன்.