நிரஞ்சனியின் இரண்டு நாவல்கள்: ஒரு வாசகனின் குறிப்பு

இந்த இரண்டு நாவல்களையும் எழுதப்பட்ட வரிசையிலேயே வாசிப்பது நல்லது. மாத்தளையில் புத்தகக்கடை வைத்திருக்கும் மஹ்ரூப், தன் வாசகர் வட்டத்துக்காக இவற்றை ஒப்பிட்டு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "கதை நடக்குற அந்தத் தேயிலைத் தோட்டத்துலயே பெரிய கிளாக்கரா இருந்தவங்க நீங்க. உங்கள விட்டா யாரு சேர் எழுதுவாங்க?" என்றார். ஓய்வுபெற்றுப் பல்லேபொலயில் மிளகுக் கொடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் நாவல் 'வெள்ளிக்கிழமைத் தபால்'. நிரஞ்சனி தன் தாய் அழகம்மாவைப் பற்றி எழுதியது. கணவன் சசிக்குமார் கொழும்புக்கு வேலைக்குப் போகிறான், பிறகு தகவலே இல்லை. தோட்டத்தில் கடிதங்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வருவதில்லை. எல்லாம் ஆபீசுக்கு வந்து கிளாக்கர் கையால்தான் போகும். அழகம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்கிறாள்.

"கிளாக்கரையா, நம்ம வீட்டுக்குக் கடுதாசி ஏதும் வந்திருக்குங்களா?"

"இன்னிக்கும் வரலியே, அழகம்மா."

புருஷன் கைவிட்டுவிட்டான் என்று லயமே பேசுகிறது. அவளும் அதை நம்பி, ஆறு வருடத்தில் இளைத்துப்போய்ச் சாகிறாள். அதில் வரும் கிளாக்கர் நல்லவர். மழையில் நிற்காதே என்று உள்ளே உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுக்கிறார். வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது நாவல் 'எழுதியவன் பக்கம்'. அதே கதை, கணவன் சொல்வதாக வருகிறது. கொழும்பில் அடையாள அட்டை இல்லாமல் பிடிபட்டுச் சிறையில் கிடக்கிறான் சசிக்குமார். தோட்டத்தில் பதிவுள்ள ஆள் என்று ஆபீசிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் போனால் விட்டுவிடுவார்கள். அதைக் கேட்டு மாதாமாதம் மனைவிக்கு எழுதுகிறான். பதிலே வராமல், உள்ளேயே காய்ச்சலில் போய்விடுகிறான். கூட இருந்த ஒருவர் சொன்னதை வைத்து நிரஞ்சனி எழுதியிருக்கிறார்.

இதை முடித்துவிட்டு முதல் நாவலை மறுபடி எடுத்தால், அது வேறு புத்தகமாகிவிடுகிறது. அந்தத் தேத்தண்ணிக்கு இப்போது ஒரு கனம் வந்திருக்கிறது. 'இன்னிக்கும் வரலியே' என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். துணை நாவல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டு பிழைகள் மட்டும் உண்டு. நாவலில் கடிதங்கள் நீளமானவை, கவிதை மாதிரி இருக்கின்றன. சசிக்குமார் அப்படி எழுதுகிறவன் இல்லை. பென்சிலில் அரைப் பக்கம். பிள்ளைக்குப் பல் விழுந்துவிட்டதா என்று கேட்பான். பிறகு அந்த ஆபீஸ் கடிதம். கடைசியில், 'கிளாக்கரையாவைக் கேள், நல்ல மனுசன், செய்து தருவார்.' இந்த வரி எல்லாவற்றிலும் உண்டு. பிரித்து வாசித்ததைக் குற்றமாக நினைக்கவில்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும் என் வேலைதான்.

முதல் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை அழகம்மாவுக்குச் சுகமில்லை, வரவில்லை. அடுத்த வாரம் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தைக் கொடுத்தால் அவன் வந்துவிடுவான். அவன் வந்தால் இவள் எதற்கு ஜன்னலுக்கு வரப்போகிறாள்? துண்டுக் கடிதம் அடிக்க இரண்டு நிமிடம் போதும், அது எனக்குத் தெரியும். அவள் மேல் நான் ஒரு விரல் வைத்ததில்லை. இரண்டரை வருடத்தில் கடிதங்கள் நின்றுபோயின. அதற்குப் பிறகும் மூன்றரை வருடம் வந்தாள். அந்த நாட்களில் நான் அவளிடம் சொன்னது பொய்யில்லை.

இரண்டாவது பிழை, கடிதங்கள் வழியில் தொலைந்ததாக நிரஞ்சனி எழுதியிருப்பது. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளட்டும் என்று முப்பத்தொரு கடிதங்களையும் இத்துடன் மஹ்ரூப்பிடம் கொடுத்துவிடுகிறேன். பூச்சி உருண்டை போட்டு இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். பொறுப்பில்லாத ஒரு கிளாக்கர் கையில் அகப்பட்டிருந்தால், பாவம், அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் கையெழுத்துக்கூடக் கிடைத்திருக்காது.