குப்புராஜுக்காகக் கொடுத்த குரல்

காந்திமதி,

அந்தப் புகைப்படத்தில் நான் போட்டிருக்கும் பழுப்பு ஸ்வெட்டர் உன் அம்மா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கித் தந்தது. குப்புராஜுக்கு ஒன்று எடுக்கும்போது எனக்கும் அதே மாதிரி ஒன்று எடுத்தார்கள். "அந்த ஊர்ல குளிர் எப்டி கீதோ, ரெண்டு பேரும் போட்டுக்குங்கடா" என்றார்கள். நல்ல கம்பளி. இன்னும் பெட்டியில் இருக்கிறது. பொழிச்சலூரில் அதற்கு வேலை இல்லை.

போன ஞாயிறு உங்கள் வீட்டு முன்னறையில் அந்தப் படத்தை என்னிடம் நீட்டினாய். ஸ்பெயினில் எங்களோடு படித்த ஜப்பானியப் பெண் ஹிரோமி, ஐந்து வருடம் கழித்து வீடு மாறும்போது கிடைத்ததாக எழுதி, உன் அப்பா பெயருக்கு அனுப்பிய நான்கு படங்களில் ஒன்று. மூன்றில் உன் அண்ணன் இருந்தான். மூன்றிலும் வாய் திறந்திருந்தது. நான்காவதைத்தான் நீ காட்டினாய்.

"ஞானண்ணா, மலையிலேர்ந்து கிளம்புறப்ப பஸ்ல எடுத்ததுன்னு பின்னாடி எழுதியிருக்கு. எல்லாரும் இருக்காங்க. நீங்க கைய தூக்கிக்கினு இருக்கீங்க. பக்கத்து சீட்டு காலியா இருக்குது. எங்கண்ணன் எங்க?"

நான் படத்தைத் திருப்பி, தேதியைப் படிப்பதுபோல் வெகுநேரம் வைத்திருந்தேன். நீ அவசரப்படுத்தவில்லை. உள்ளே அப்பா இருமினார். எழுதித் தருகிறேன் என்றேன்.

முதலில் கல்லூரி நாட்களைச் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் எங்களுக்கு முதல் வகுப்பு எட்டரைக்கு. நான் பொழிச்சலூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேர ஒன்பதாகிவிடும். வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிடும்போது குப்புராஜ் குனிந்துகொண்டு, தொண்டையை அழுத்தி, என் கட்டைக் குரலில் "யெஸ் சார்" என்பான். தன் பெயருக்குத் தன் மெல்லிய குரலில் இன்னொரு "யெஸ் சார்". பிராக்ஸி என்போம். கல்லூரியில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் மூன்று வருடமும் ஒருமுறைகூட மாட்டிக்கொள்ளாதவன் அவன் ஒருவன்தான். என் வருகைச் சதவீதம், அதனால் கிடைத்த பரீட்சை அனுமதி, பட்டம், பிறகு இருவருக்கும் சேர்ந்து கிடைத்த ஸ்பெயின் படிப்பு எல்லாமே அவன் தொண்டையிலிருந்து வந்தவை. இதை நான் மறுத்ததில்லை.

1993 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. மெர்செடெஸ் என்ற பேராசிரியை இருபத்துமூன்று மாணவர்களையும் ஒரு மலைக் கிராமத்துக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார். மதியம் பீன்ஸ் சூப்பும் ரொட்டியும். சாப்பாட்டு மேசையில் குப்புராஜ் பிராக்ஸி கதையை அரைகுறை ஸ்பானிஷில் நடித்துக் காட்டினான். என் குரலைச் செய்தபோது எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் என் தோளில் கைபோட்டுக்கொண்டு, தமிழில் ஒருமுறை, அவர்கள் மொழியில் ஒருமுறை சொன்னான்: "என் மச்சானுக்கு வாயே கிடையாது. இவன் வாய் நான்தான்."

நானும் சிரித்தேன். இதுதான் காரணம் என்று நீ நினைக்கக்கூடும். இல்லை. அவன்மேல் எனக்கு அப்போதும் கோபம் இல்லை, இப்போதும் இல்லை.

சாப்பிட்டபின் எல்லாரும் பனியில் ஒரு மணி நேரம் ஏறி, மேலே இடிந்து கிடந்த ஒரு கல் கோவிலைப் பார்த்தோம். அவர்களுடைய மாதா கோவில். பாதிக் கூரை மட்டும் இருந்தது. மற்றவர்கள் இறங்கத் தொடங்கியபின்பும் குப்புராஜ் சுவரில் செதுக்கியிருந்த பெயர்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்காக நான் நின்றேன். வாசற்படியில் பனி உறைந்திருந்தது. வழுக்கி விழுந்தான். கணுக்கால் கண்முன்னாலேயே வீங்கியது. எழுப்பி நிறுத்திப் பார்த்தேன், ஊன்ற முடியவில்லை.

"மச்சான், கால் பூட்ச்சுடா. நீ கீழ போய் ரெண்டு பேரை இட்டுகினு வா. பஸ்ஸ எடுத்துடப் போறானுங்க, நிறுத்தி வை. நான் இங்கயே குந்திகினு கீறேன்" என்றான். நான் திரும்பியபோது சிரித்துக்கொண்டே, "சீக்கிரம் வாடா. குளிர்ல செத்துட்டன்னா எங்கம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றான்.

கீழே இறங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. பனி விழத் தொடங்கியிருந்தது. பனி விழும்போது சத்தமே இருக்காது, காந்திமதி. மழையைப் போல இல்லை. நான்கு வருடங்களாக என் காதில் அவன் பேச்சு ஓயாமல் இருந்தது. வகுப்பில், மின்சார ரயிலில், அங்கே ஒரே அறையில், தூக்கத்தில்கூட. அந்த நாற்பது நிமிடத்தில்தான் என் மூச்சு எப்படி ஒலிக்கும் என்பதை நான் கேட்டேன். அது பிடித்திருந்தது. பஸ்ஸிலும் இரண்டு மணி நேரம் இப்படியே இருந்தால் போதும் என்று தோன்றியது. அதற்குமேல் எதையும் நான் விரும்பவில்லை.

பஸ்ஸில் முன்விளக்கு மட்டும் எரிந்தது. மெர்செடெஸ் பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல் பெயர்களை வாசித்தார். பாஸ்போர்ட்டில் கடைசியில் இருக்கும் பெயரைத்தான் அவர்கள் கூப்பிடுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது அப்பா பெயர். "துலாசிங்காம்" என்றார். உன் அப்பா பெயரை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

நான் கையைத் தூக்கி, குப்புராஜின் மெல்லிய குரலில் "ப்ரெசென்தே" என்றேன். அப்போதுதான் ஹிரோமியின் கேமரா மின்னியது. மெர்செடெஸ் பட்டியலில் குறி போட்டார். நான்கு பெயர் தள்ளி என் அப்பா பெயர் வந்தது. அதற்கு என் குரலில் பதில் சொன்னேன். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேருக்கு ஒரே நிறத்தில், ஒரே ஸ்வெட்டரில் இருக்கும் இரண்டு பேரில் யார் எவர் என்று எப்போதும் குழப்பம். நன்றாகச் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவனுக்கு நான் வாயாக இருந்தது அதுதான் முதல்முறை.

பாதி வழியில் ஒரு காபிக் கடையில் கால் மணி நேரம் நின்றோம். அங்கே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சொன்னால், அப்படியானால் குரல் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். விளக்கிச் சொல்லும் அளவுக்கு என் ஸ்பானிஷ் அப்போது போதாது. சூடாக ஒரு சாக்லேட் குடித்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. துணி துவைத்தேன். அவனுடைய அலாரம் கடிகாரம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைத் துண்டில் சுற்றி இழுப்பறையில் வைத்தேன். அதுபோல் நான் அதற்கு முன்னும் பின்னும் தூங்கியதில்லை.

திங்களன்று வகுப்பில் அவன் இல்லை என்று தேடினார்கள். போலீஸ் வந்தது. பட்டியலில் அவன் பெயருக்கு நேரே குறி இருந்தது. காபிக் கடையில் இறங்கினான், திரும்ப ஏறியதை நான் பார்க்கவில்லை என்றேன். அந்தக் கடையைச் சுற்றித் தேடினார்கள். ரயில் நிலையங்களில், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். மலையில் தேட அவர்களுக்குக் காரணம் இல்லை. பத்தொன்பதாம் நாள் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் அந்தக் கல் கோவிலுக்குள் போனார்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அவன் உடல் வந்த பெட்டியை இறக்கியபோது உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். போலீஸ் அறிக்கையை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவனும் நான்தான். வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது. இரண்டு இடங்களை விட்டுவிட்டேன். கணுக்கால் மஃப்ளரால் கட்டப்பட்டிருந்தது என்பது ஒன்று. நோட்டுப் புத்தகத்தின் தாள்களை ஒவ்வொன்றாக எரித்துக் குளிர் காய்ந்திருக்கிறான், திங்கட்கிழமை விடியும்வரை உயிர் இருந்திருக்கலாம் என்பது இன்னொன்று. பெற்றவர்களுக்கு எதற்கு அது என்று நினைத்தேன்.

பஸ்ஸில் ஏறியவன், நடுவழியில் இறங்கி, யார் வண்டியிலோ திரும்பிப் போய், தானாகவே அந்த மலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறான் என்று உங்கள் வீடு முடிவுக்கு வந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. சாகும்வரை உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: "ஏண்டா ஞானம், என் புள்ள ஏன் திரும்பி அந்த மலைல ஏறினான்? நாங்க இன்னா கொறை வச்சோம்?"

"அவன் மனசுல என்ன இருந்துச்சோ, அம்மா" என்பேன்.

என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் வருகிறேனா என்பதுதான் இருந்திருக்கும்.

உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். உன் அண்ணன் அந்தப் பஸ்ஸில் இல்லை. உங்களை விட்டுப் போக அவன் நினைக்கவும் இல்லை. இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவதும், போலீசுக்குக் கொடுப்பதும் உன் விருப்பம். நான் எங்கேயும் போகமாட்டேன்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொள். பக்கவாதம் வந்த பிறகு அப்பா சாயங்காலங்களில் "குப்பு, டேய் குப்பு" என்று கூப்பிடுகிறாரே. முதல்முறை அப்படிக் கூப்பிட்டபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். "இன்னா நைனா" என்று அவன் குரலில் கேட்டேன். அவர் முகம் தெளிந்து, உடனே தூங்கிவிட்டார். நீ சமையலறையிலிருந்து ஓடி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "நீங்க இல்லன்னா இந்த வூடு இன்னா ஆயிருக்கும் அண்ணா" என்றாய்.

வருகிற ஞாயிறும் வழக்கம்போல வருவேன். அப்பா கூப்பிடுவார். அந்த வீட்டில் உன் அண்ணன் குரல் இன்னும் கேட்கிறதென்றால், அது என்னால்தான்.

ஞானையா